ஜிம்முக்கு ஓடிய குருக்கள்

கேள்வி: கிரேக்கர் ஆட்சியில் எருசலேமில் ஒரு ஜிம் கட்டினார்களாம், அதை எதிர்த்துத்தான் யூதர்கள் புரட்சி செய்தார்கள் என்கிறார் நண்பர். ஒரு ஜிம்முக்காகவா அவ்வளவு ரத்தம்?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: ஜிம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ரத்தக்கொதிப்பு. போன வருஷம் டாக்டர் பேச்சைக் கேட்டு ஒரு வருஷக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு, 11 நாள் போனேன். நாளொன்றுக்கு எவ்வளவு ஆயிற்று என்று வீட்டில் இன்னமும் வகுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே நடுநிலையான பதிலை எதிர்பார்க்க வேண்டாம்.

எருசலேம் கணக்குக்கு முன்னால் நான் கட்டியது கொசுறு. கி.மு. 175இல் எருசலேமை ஆண்ட கிரேக்க அரசன் நான்காம் அந்தியோக்கஸ் அரியணை ஏறியதும் யாசோன் என்பவன் போய் நின்றான். அண்ணன் ஓனியா தலைமைக் குருவாக இருக்கும்போதே, அந்தப் பதவிக்கு 360 தாலந்து வெள்ளியும் மேற்கொண்டு 80 தாலந்தும் பேசினான். பிறகு, ‘ஜிம் கட்ட அனுமதியும் கொடுத்தால் இன்னொரு 150’ என்றான். தாலந்து ஏறக்குறைய 26 கிலோ. அனுமதிக்கு மட்டும் கிட்டத்தட்ட 4 டன் வெள்ளி! பிளான் அப்ரூவலுக்கு அலைகிறவர்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

கோட்டைக்கு அடியிலேயே கட்டினார்கள். வட்டெறிய அழைப்பு வந்ததும் குருக்கள் பலிபீடத்தை விட்டுவிட்டு ஓடினார்களாம். பெரிய வீட்டுப் பிள்ளைகள் தலையில் கிரேக்கத் தொப்பி. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கிரேக்கத்தில் ‘ஜிம்னோஸ்’ என்றால் அம்மணம். டிராக் பேண்ட், டீ-ஷர்ட் எல்லாம் கிடையாது. உடம்பில் எண்ணெயைத் தடவிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். இறங்கினால் விருத்தசேதனம், அதாவது ஆணுறுப்பின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு, செய்திருப்பது ஊருக்கே தெரியும். கிரேக்கனுக்கு அது கேலிக்குரிய விஷயம். விளைவு, சிலர் அந்த அடையாளத்தையே அழித்துக்கொண்டார்கள் என்கிறது, இந்தப் புரட்சியின் கதையைச் சொல்லும் மக்கபேயர் முதல் நூல். எப்படி என்று அது சொல்லவில்லை. பிற்பாடு செல்சஸ் என்ற ரோமர் அதற்கான அறுவை முறையை விளக்கி எழுதிவைத்தார். மயக்க மருந்து இல்லாத காலம். படிக்கும்போதே கால்மேல் கால் போட்டுக்கொண்டேன். ஜிம்முக்குச் செய்யும் தியாகம் என்றால் அது. நான் ஏதோ 11 நாள் வியர்த்தேன்.

(‘மக்கபேயர்’ அல்ல, ‘மக்கபியர்’தான் என்று எங்கள் பிழைதிருத்துநர் இதற்குள் பென்சிலைச் சீவியிருப்பார். கத்தோலிக்க விவிலியத்தில் ‘மக்கபேயர்’தான் ஐயா. கை வைக்காதீர்கள்.)

நண்பர் சொன்னதில் ஒரு கணக்குப் பிழை. ஜிம் வந்தது 175. மோதயின் ஊரில் மத்தத்தியா என்ற குரு கத்தி எடுத்துப் புரட்சியைத் தொடங்கியது 167. இடையில் மெனலாவுஸ் என்பவன் 300 தாலந்து கூட வைத்து, யாசோனிடமிருந்தே பதவியைத் தட்டிப் பறித்தான். ஏலம் எடுத்தவனை இன்னொருவன் ஏலத்தில் அடித்தான். அரசன் கோயில் கருவூலத்தைச் சுரண்டினான். கடைசியில் ஓய்வுநாளுக்குத் தடை, விருத்தசேதனத்துக்குத் தடை. பிள்ளைக்கு விருத்தசேதனம் செய்வித்த தாய்மாரைக் கொன்று, சிசுக்களை அவர்கள் கழுத்திலேயே தொங்கவிட்டார்கள். ரத்தம் அதற்காக.

இன்னொன்று: மத்தத்தியாவின் கத்தி முதலில் பாய்ந்தது கிரேக்கன் மேல் அல்ல. அரசனின் ஆணைப்படி பலியிட முன்வந்த ஒரு யூதன் மேல். அரசு அதிகாரி அடுத்தபடி. வீட்டுச் சண்டையாகத் தொடங்கியதை ‘யூதர் எதிர் கிரேக்கர்’ என்று கபடிப் போட்டி மாதிரிச் சொல்கிறவர்களோடு எனக்கு வெகுநாள் பகை.

ஜெயித்த பிறகாவது கிரேக்கம் ஒழிந்ததா? மத்தத்தியாவின் பேரன் பெயர் ஹிர்க்கானுஸ். கொள்ளுப்பேரன்கள் அரிஸ்டோபுலஸ், அலெக்சாண்டர். அந்த அலெக்சாண்டர் அடித்த காசு ஒன்று உண்டு: ஒரு பக்கம் எபிரேய எழுத்தில் ‘யோனத்தான் ராஜா’, மறுபக்கம் கிரேக்கத்தில் ‘அலெக்சாண்டர் ராஜா’. அதே ஆள்தான். கிரேக்கப் பக்கத்தில் ஒரு நங்கூரம். தாத்தாக்கள் எதிர்த்துச் சண்டை போட்ட செலூக்கியரின், அதாவது அந்தியோக்கஸ் வம்சத்தின், சின்னம். வெற்றிக் கதையைச் சொல்லும் மக்கபேயர் நூல்களும் யூதர்களின் எபிரேய விவிலியத்தில் இல்லை. கிரேக்கத்தில்தான் பிழைத்துக் கிடந்தன, காப்பாற்றியவர்கள் கிறிஸ்தவர்கள்.

கேள்வியில் யானை இல்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனசில்லை. கி.மு. 162, பெத்சக்கரியா போர். செலூக்கியப் படையில் 32 யானைகள். உசுப்பேற்றுவதற்காகத் திராட்சை ரசத்தையும் முசுக்கட்டைப் பழச் சாற்றையும் அவற்றுக்குக் காட்டினார்களாம். மத்தத்தியாவின் மகன் எலயாசர், அரசன் இருக்கிறான் என்று நினைத்து ஒரு யானையின் அடியில் புகுந்து வயிற்றில் குத்தினான். யானை செத்து அவன் மேலேயே விழுந்தது. ஒவ்வொரு யானை மேலும் ஓர் ‘இந்தியப் பாகன்’ இருந்ததாக அந்த நூலே சொல்கிறது.

‘அந்தப் பாகன் தமிழன்தான்’ என்று இன்லண்ட் லெட்டரைத் தேடுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அந்த வம்சத்தைத் தொடங்கிய முதலாம் செலூக்கஸுக்கு 500 யானைகளைக் கொடுத்தவர் சந்திரகுப்த மௌரியர். உரிமை கொண்டாடுவதானால் பாட்னாக்காரர்கள் வரிசையில் முன்னால் நிற்கிறார்கள். போதாக்குறைக்கு, கிரேக்கர்கள் யானை ஓட்டுகிறவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் ‘இந்தியன்’ என்றே எழுதினார்கள். எங்கள் தெருவில் ராத்திரி விசில் ஊதுகிறவர் விருதுநகர்க்காரர். எல்லோரும் ‘கூர்க்கா’ என்றுதான் கூப்பிடுகிறோம்.