அந்தச் சுவர் எதைச் சுமக்கிறது?

கேள்வி: ஐயா, யாழ்ப்பாண நகரில் கடையொன்றுக்கு மேலே இருக்கும் பழைய மாடி வீட்டை வாங்கியிருக்கிறோம். குசினி ஒரே இருட்டு. அதற்கும் முன்னறைக்கும் இடையிலுள்ள சுவரை உடைத்துவிடலாமா? ஒரு நாள் வேலை என்கிறார் மேசன். சிவப்புச் சீமெந்துத் தரைக்கு மேலேயே மாபிள் பதிக்கலாமா? பெரிய அலுமாரி ஒன்றுக்கும் முற்பணம் கொடுக்கவிருக்கிறேன். தையில் குடிபூரல்.
– வாசகி, நல்லூர்

பதில்: உடைப்பது ஒரு நாள் வேலைதான், தங்கச்சி. அதற்கு முன் மொட்டைமாடியில் ஏறி, தண்ணீர்த் தாங்கி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். குழாய்ச் செலவை மிச்சம்பிடிக்கக் குசினிக்கு மேலேயே அதை வைத்துவிடுகிறவர்கள் உண்டு. ஆயிரம் லீற்றர் தாங்கி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு தொன். அந்தப் பாரம் தூண்களில் இறங்குகிறதா, உங்கள் சுவரில் இறங்குகிறதா? சுவரைத் தட்டிப் பார்த்து இதை எந்த மேசனாலும் சொல்ல முடியாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் என்றால் சுமக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாலரை அங்குலம் என்றாலும் நிம்மதிப்பட வேண்டாம். கட்டடப் பொறியியலாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். வெளிச்சம்தான் தேவை என்றால், அவர் சம்மதத்துடன் மேலே பாரம் தாங்கும் லிண்டல் வளை போட்டு மூன்றடி அகலத்தில் ஒரு திறப்பு வைத்தாலே போதும். கணவாய் பொரிக்கும் நாளில் மீதிச் சுவரின் அருமை தெரியும்.

தரையைத் தொடாதீர்கள். ஓரங்குலச் சாந்தும் மாபிளும் சேர்ந்தால், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் குறைந்தது முக்கால் தொன் பாரம் ஏறும். உங்கள் தரைதான் கீழே கடைக்காரருக்குக் கூரை. கதவுகளின் அடியையும் சீவ வேண்டிவரும். வெடிப்பில்லாத சிவப்புத் தரைக்கு மெழுகு பூசிப் பொச்சுமட்டையால் தேய்த்தால் முகம் பார்க்கலாம். அதை மூடுவதற்குக் காசு செலவழிப்பானேன்?

அலுமாரிக்கு முற்பணம் கொடுக்குமுன் படிக்கட்டுத் திருப்பத்தை அளந்துகொள்ளுங்கள். கழற்றிப் பூட்டக்கூடியதாகச் செய்யச் சொல்லுங்கள். நான் அளக்கவில்லை. ஏழடித் தேக்கு அலுமாரி திருப்பத்தில் இறுகி, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது. ஓடாவியைக் கூப்பிட்டுப் படியிலேயே பலகை பலகையாகக் கழற்றினோம். மேலே கொண்டுபோய்த் திரும்பப் பூட்டியபோது ஒரு கதவு சாத்த மறுத்தது. இருபது வருடமாகிறது, இன்னும் கடதாசி மடித்துச் செருகித்தான் சாத்துகிறோம்.