அல்புமின் குறைந்தால் கால்சியத்தை ஏன் திருத்திப் பார்க்கிறார்கள்?

கேள்வி: "சேலத்தில் அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தோம். கால்சியம் 7.6, அல்புமின் 2.2. கால்சியம் குறைவு என்று கோடு போட்டிருக்கிறது; டாக்டரோ 'திருத்தினால் சரிதான்' என்கிறார். எண்ணை எப்படித் திருத்துவது?"

லேபில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது பித்தலாட்டம் இல்லை. ரத்தத்தில் உள்ள கால்சியத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் புரதத்தோடு, பெரும்பாலும் அல்புமினோடு, ஒட்டிக்கொண்டு போகிறது. நரம்புக்கும் தசைக்கும் உதவுவது ஒட்டாமல் தனியாக இருக்கும் பங்குதான். அல்புமின் குறைந்தால் மொத்தக் கணக்கு இறங்கும்; தனிக் கால்சியம் அப்படியே இருக்கலாம்.

அல்புமினை டெசிலிட்டருக்கு 4 கிராம் என்று வைத்து, குறைகிற ஒவ்வொரு கிராமுக்கும் கால்சியத்தில் 0.8 மில்லிகிராம் கூட்டுவார்கள். அப்பாவுக்குக் குறைவு 1.8; 0.8-ஆல் பெருக்கினால் 1.44. 7.6 உடன் சேர்த்தால் 9.04. வழக்கமான 8.5–10.5 வரம்புக்குள்தான்.

ஆனால் இது உத்தேசக் கணக்கு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களிடமும் ஐசியூ நோயாளிகளிடமும் அடிக்கடி காலை வாரிவிடும். கை கால் மரத்துப்போனால், இழுத்துப் பிடித்தால், சூத்திரத்தை நம்பாமல் அயனிக் கால்சியத்தையே, அதாவது ஒட்டாமல் தனியாக இருக்கும் பங்கையே, நேரடியாக அளக்கச் சொல்லுங்கள். அந்த ரத்தத்தில் காற்றுப் படக்கூடாது, தாமதமும் கூடாது. ஏற்காட்டில் எடுத்து 20 கொண்டை ஊசி வளைவு இறக்கிக் கொண்டுவருவதைவிட, ஆளையே கீழே கூட்டிவருவது மேல்.

இன்னொன்று: ஊதா மூடிக் குழாயில் (உறையாமல் இருக்க, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ரசாயனம் போட்டது) எடுத்த ரத்தம் கலந்துவிட்டால் கால்சியம் பொய்யாகக் குறையும். அதற்கு எந்தச் சூத்திரமும் கிடையாது, மறுபடி குத்த வேண்டியதுதான்.