சென்னை – சிங்கப்பூர்: தூரமும் பறக்கும் நேரமும்

கேள்வி: சார், ஓரிடத்தில் 1,580, இன்னோரிடத்தில் 1,820, வேறோரிடத்தில் 2,930 என்று போட்டிருக்கிறார்கள். எது சரி?

மூன்றும் ஒரே தூரம்தான். கிலோமீட்டரில் சுமார் 2,930, மைலில் 1,820, விமானிகள் கணக்கிடும் கடல் மைலில் 1,580. பூமியின் வளைவை ஒட்டி அளந்த மிகக் குறுகிய தூரம் அது. வழியில் மழைமேகத்தைச் சுற்றிப் போனாலோ, இறங்க இடம் கிடைக்காமல் வட்டமடித்தாலோ கொஞ்சம் கூடும்.

கேள்வி: மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் மூன்றரை மணி நேரம்தானே ஆகவேண்டும்? டிக்கெட்டில் நாலேகால் என்று இருக்கிறதே?

850 என்பது உயரே போய்ச் சீராகப் பறக்கும்போது உள்ள வேகம். ஏறும்போதும் இறங்கும்போதும் அது குறைவு. தவிர, டிக்கெட்டில் இருப்பது விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்ந்தது முதல் அங்கே போய் நிற்கும் வரையிலான நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும் வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம்.

கேள்வி: அம்மா முதல்முறை தனியாகப் போகிறார். இரவு 11.00 மணிக்குக் கிளம்பி 5.50க்கு இறங்குமாம். ஏழு மணி நேரமா உட்கார்ந்திருக்க வேண்டும்?

இல்லைங்க, பயப்படாதீர்கள். 4 மணி 20 நிமிடம்தான். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் அச்சிடுவார்கள். அவர் இறங்கும்போது நம் ஊரில் விடிகாலை 3.20. சாப்பாடு கொடுத்து, தட்டை எடுத்து, விளக்கை அணைப்பதற்குள் பாதி இரவு போய்விடும். அதனால் முடிந்தால் பகல் விமானமாகப் பாருங்கள். இரவு விமானம்தான் என்றால், அழைக்க வருபவரிடம் மறுநாள் தேதியைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இந்தத் தேதிக் குழப்பத்தில்தான் பலர் விமான நிலையத்தில் தனியாக நிற்கிறார்கள்.

திரும்பும்போது கணக்கு தலைகீழ். அங்கே இரவு 9.00 மணிக்குக் கிளம்பினால் சென்னையில் அன்றே 10.50.

கேள்வி: திரும்பும் விமானம் சில மாதங்களில் சீக்கிரம் வருகிறதே, காற்றா?

ஆமாம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலத்த காற்றோட்டம் வீசும். அதை 1950களில் ஆராய்ந்து விளக்கியவர் நம் வானிலை அறிஞர் கோட்டேஸ்வரம். அது விமானம் பறக்கும் உயரத்துக்கு மேலேதான் மிக வேகமாக வீசும். ஆனாலும் கீழே பறக்கும் விமானத்துக்கும் கொஞ்சம் கைகொடுக்கும். சில நிமிடங்கள் மிச்சமாகும், அவ்வளவுதான்.

கேள்வி: நாங்கள் திருச்சிக்காரர்கள். சென்னை போய் ஏறினால் தூரம் குறையுமா?

ஐம்பது கிலோமீட்டர்போல. அதற்காகச் சாலையில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போவதா? திருச்சியிலேயே நேரடி விமானம் ஏறுங்கள்.

கேள்வி: கோலாலம்பூர் மாறிப் போனால் சுற்றுவழியா?

வரைபடத்தைப் பாருங்கள், கோலாலம்பூர் கிட்டத்தட்ட அதே கோட்டில்தான் இருக்கிறது. இரண்டு பறப்பையும் கூட்டினாலும் தூரம் ஏறக்குறைய அதே 2,930தான். நேரம்தான் உதைக்கும். இறங்கி, காத்திருந்து, மறுபடி ஏறுவதற்குள் மொத்தம் ஏழு, எட்டு மணி நேரம்கூட ஆகலாம். விலை நன்றாகக் குறைந்தால் இளைஞர்கள் போகலாம். மேலே கேட்டவரின் அம்மாவுக்கு வேண்டாம்.