விளக்கை மாற்றிய பின் வார்னிஷ் ஏன் ஒட்டுகிறது?

கிளிநொச்சியில் தளபாட வேலைத்தளம் நடத்தும் வாசகர் ஒருவர், முதிரைப் பலகைகளுக்குப் புறஊதா வார்னிஷ் பூசி, பாதரச விளக்கின் கீழ் ஓடவிட்டு இறுக்கி வந்தவர், அண்மையில் 395 நனோமீற்றர் எல்.ஈ.டி. விளக்குக்கு மாறியிருக்கிறார். வார்னிஷும், பலகையைக் கொண்டுசெல்லும் பட்டியின் வேகமும் முன்பு போலவே இருக்க, வெளியே வரும் பலகை மட்டும் கையில் ஒட்டுகிறது. இதைவிட வலுவான விளக்கு வாங்கவேண்டுமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு வாங்கவேண்டாம். இந்த வார்னிஷ் காய்வதில்லை. அதிலுள்ள ஒளிதூண்டி கதிரை உறிஞ்சித் தொடக்கிவைக்கும் வினையால் இறுகுகிறது. பாதரச விளக்கு 254, 313, 365 நனோமீற்றர் எனப் பல அலைநீளங்களைத் தருவதால், குறுகியவை மேற்பரப்பையும் நீண்டவை அடிப்பகுதியையும் பார்த்துக்கொள்கின்றன. எல்.ஈ.டி.யோ 395ஐச் சூழ்ந்த ஒடுங்கிய பட்டையை மட்டுமே தருகிறது. அது ஆழத்துக்கு நன்றாக ஊடுருவினாலும், காற்றின் ஒட்சிசன் வினையைத் தடுக்கும் மேற்தோலில் தோற்றுப்போகிறது. பழைய வார்னிஷின் ஒளிதூண்டி 395ஐ உறிஞ்சாததாக இருந்தால், எவ்வளவு வலுவான விளக்கும் பயன்தராது.

எது காரணம் என்பதை அறிய எளிய சோதனை உண்டு. ஈர வார்னிஷின் ஒரு பகுதியில் மட்டும் தெளிவான மெல்லிய பொலியெஸ்ரர் தாளைக் குமிழியின்றிப் படியவைத்துப் பலகையை ஓடவிட்டு, பின் தாளை உரித்துப் பாருங்கள். தாளின் கீழ் கெட்டியாகவும் வெளியே ஒட்டலாகவும் இருந்தால் குற்றவாளி ஒட்சிசன். இரு பகுதியும் மென்மையாகவே இருந்தால் ஒளிதூண்டி பொருந்தவில்லை அல்லது கதிரளவு போதவில்லை. இரண்டு நிலையிலும் விற்பனையாளரிடம் எல்.ஈ.டி.க்கென்றே தயாரித்த வார்னிஷைக் கேட்பதே முதற்படி என்பது என் உறுதியான கருத்து. நைதரசன் ஊட்டி ஒட்சிசனை விலக்கலாம். ஆனால் சிறு வேலைத்தளத்துக்கு அதன் செலவு கட்டுபடியாவது அரிது.

கதிரளவை நீங்களே கணிக்கலாம். பலகையில் விழும் செறிவு சதுர சென்ரிமீற்றருக்கு 8 வாட், ஒளிப்பட்டையின் அகலம் 2 சென்ரிமீற்றர் என்று கொண்டால், நிமிடத்துக்கு 10 மீற்றர் ஓடும் பட்டியில் பலகை 0.12 செக்கன் ஒளியில் நிற்கும். கிடைப்பது சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 0.96 யூல். வேகத்தைப் பாதியாக்கினால் அது இரட்டிக்கும். விளக்குடன் வரும் தாளில் அச்சிட்ட செறிவு விளக்கின் கண்ணாடியில் அளந்தது என்பதை மறவாதீர்கள். பலகை கீழே தாழத்தாழ அது வேகமாகக் குறையும்.

வன்னியின் வெயிலையும் புழுதியையும் இதில் சேர்த்து எண்ணவேண்டும். அரம்பத்தூளும் செம்மண்ணும் குளிரூட்டும் விசிறியின் வடிகட்டியை அடைத்தால் எல்.ஈ.டி. சூடேறி ஒளி குன்றும், ஆயுளும் குறையும். வடிகட்டியையும், விளக்கின் கண்ணாடியையும் அடிக்கடி துடையுங்கள். மின்சாரம் போய்த் திரும்பினால் பாதரச விளக்கைப்போல ஆறும்வரை காத்திராமல் உடனே ஏற்றலாம் என்பது நமக்குப் பெரிய வாய்ப்பு.

இந்த விளக்கு மங்கிய ஊதாவாகத் தெரிவதால் பாதிப்பில்லை என்று வேலையாட்கள் நினைத்துவிடுவார்கள். அதன் கதிர் கண்ணைக் கெடுக்கும். அந்த அலைநீளத்தைத் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடியே வேண்டும், சாதாரண வெயிற்கண்ணாடி போதாது. இறுகாத வார்னிஷ் தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமையை உண்டாக்கும். ஆதலால் ஒட்டுகிறதா என்று பார்க்கும்போதும் நைத்திரைல் கையுறை அணிந்தே தொடுங்கள்.