காசு எல்லாருக்கும் ஒண்ணுதான், அப்புறம் எப்படி ஒரு டீம் மட்டும் ஜெயிக்குது? – வாசகர் கேள்வி பதில்

இந்த வாரம் பூரா அமெரிக்கன் ஃபுட்பால்தான். நம்ம ஊர் நேரத்துக்கு ஃபைனல் மேட்ச், அதாவது சூப்பர் பவுல், திங்கக்கிழமை காலைல 7.30க்கு ஆரம்பிக்குது, எம்சி போட்டுட்டு மாமாக்ல உக்காந்து பாக்குற ஆளுங்க இத்தனை பேரு நம்ம பத்திரிகையும் படிக்கிறாங்கன்னு வந்து குவிஞ்ச கேள்விங்களப் பாத்துதான் தெரியுது. ரூல்ஸ் பத்தி வந்ததெல்லாம் ஒதுக்கி வச்சுட்டு, டீம் எப்படி கட்டுறாங்கங்கிறத மட்டும் எடுத்துருக்கேன்.

செராஸ் வாசகர்: அண்ணே, நம்ம மலேசியா லீக்ல ஜேடிடி 2014லேருந்து லீக் கப்பை வேற யாரு கைக்கும் விடல. அமெரிக்காவுல அதைவிட பெரிய பணக்கார முதலாளிங்க இருக்காங்களே, அவங்க ஏன் எல்லா ஸ்டாரையும் வாங்கிப் போட்டு இதே மாதிரி பண்ண மாட்டேங்குறாங்க?

வாங்க விட மாட்டாங்க லா. என்எஃப்எல்ங்கிற அவங்க லீக்ல மொத்தம் 32 டீம், 1994லேருந்து சேலரி கேப்னு ஒரு கோடு போட்டு வச்சிருக்காங்க, பிளேயர் சம்பளம் அதுக்கு மேல போகக் கூடாது. முதல் வருஷம் 34.6 மில்லியன் டாலர், 2025ல 279.2 மில்லியன். டல்லாஸ் முதலாளி எவ்வளவு பெரிய கோடீஸ்வரரா இருந்தாலும் சரி, கிரீன் பே மாதிரி முதலாளியே இல்லாம ரசிகர்ங்க ஷேர் வாங்கி நடத்துற சின்ன ஊரு டீமா இருந்தாலும் சரி, கோடு ஒண்ணுதான். பத்தாததுக்கு டிராஃப்ட் வேற இருக்கு, காலேஜ் முடிச்சு வர்ற பசங்களைப் பொறுக்குறப்ப போன சீசன்ல கடைசியா வந்த டீமுக்குத்தான் முதல் சான்ஸ். ரவுண்டு ரவுண்டா எடுப்பாங்க, ஒவ்வொரு சான்ஸுக்கும் பேரு பிக்.

அப்ப எல்லா டீமும் சமமாத்தானே இருக்கணும்னு அடுத்து கேப்பீங்க. ஆனா பேட்ரியட்ஸ் 2001 சீசன்லேருந்து 2018க்குள்ள ஆறு கப்பு தூக்குனாங்க, கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் சூப்பர் பவுல் மைதானத்தையே மிதிச்சதில்ல. காசு ஒண்ணா இருக்கிறதுனால, குடுக்குற சம்பளத்தைவிட ஜாஸ்தியா ஆடுறவன் எந்த டீம்ல நிறைய இருக்கானோ அந்த டீம் மேல வருது. நல்ல பிளேயரைக் கண்டுபிடிக்கிறது பெரிய விஷயமில்ல, நல்லா ஆடுறவன் யாருன்னு டிவி பாக்குற எல்லாருக்குமே தெரியும், அவன் சீப்பா கிடைக்கிற நேரத்துல புடிக்கிறதும் விலை ஏறிப் போன நேரத்துல விடுறதும்தான் தொழில். கீழ வர்ற பதில் எல்லாம் இதைச் சுத்தித்தான் போகும், முன்னாடியே சொல்லிட்டேன்.

செந்தூல் தம்பி: போஸ், மேடன் வீடியோ கேம்ல நான் காஸ்ட்லி குவாட்டர்பேக் ஒருத்தனை வாங்கிட்டா மத்த இடத்துல யாரை வச்சாலும் ஜெயிச்சிடுறேன். நெஜத்துலயும் அப்படித்தானே?

தம்பி, கேம்ல உனக்கு 53 பேருக்கும் மாசாமாசம் சம்பளம் குடுக்குற தலைவலி இல்ல, அடிபட்டா ரீஸ்டார்ட் பண்ணிக்கலாம்.

குவாட்டர்பேக், அதாவது பந்து எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவன், முக்கியம்ங்கிறது சரிதான், பந்து ஒவ்வொரு தடவையும் அவன் கைலதான் ஆரம்பிக்குது. ஆனா நல்ல குவாட்டர்பேக்கை சின்ன சம்பளத்துல வச்சிருக்கிறதுதான் இந்த விளையாட்டுலேயே பெரிய லாபம். இது 2011லதான் ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி டிராஃப்ட்ல முதல் ஆளா வர்ற பையனுக்கு ஒரு மேட்ச் ஆடுறதுக்கு முன்னாடியே மலை மாதிரி காசு குடுத்தாங்க, 2010ல சாம் பிராட்ஃபர்டுக்கு 6 வருஷத்துக்கு 78 மில்லியன். அடுத்த வருஷமே புது ஒப்பந்தம் வந்துச்சு, புதுசா வர்றவங்களுக்கு எத்தனாவது இடத்துல எடுத்தாங்களோ அதுக்கேத்த சம்பளம்னு கட்டிப் போட்டாங்க, அந்த வருஷ முதல் ஆளு கேம் நியூட்டனுக்கு 4 வருஷத்துக்கு 22 மில்லியன்தான். அதுவும் முதல் மூணு சீசன் முடியிற வரைக்கும் அந்த கான்ட்ராக்ட்டை மாத்தவே முடியாது, பையன் உலகத்தையே ஜெயிச்சாலும் சரி.

சியாட்டில் இதை அழகா புடிச்சிக்கிட்டாங்க. 2012ல மூணாவது ரவுண்டுல 75வது ஆளா ரஸல் வில்சனை எடுத்தாங்க, குள்ளமா இருக்கான்னு மத்தவங்க தாண்டிப் போன பையன். அவனுக்குக் குடுக்காம மிச்சமான காசை டிஃபென்ஸ்ல கொட்டுனாங்க, அந்த டிஃபென்ஸ்லயே ரிச்சர்ட் ஷெர்மன், கேம் சான்ஸலர்னு அஞ்சாவது ரவுண்டு பசங்க. 2014 பிப்ரவரியில டென்வரை 43-8ன்னு துவைச்சு எடுத்தாங்க, அந்தப் பக்கம் நின்னது பெரிய ஸ்டார் குவாட்டர்பேக் பெய்டன் மேனிங்.

இன்னும் கொடுமை ஃபார்ட்டி நைனர்ஸ் கதை. 2022 டிராஃப்ட்ல 262வது ஆளு, அதாவது கடைசியிலும் கடைசி, குவாட்டர்பேக் பிராக் பர்டி. வருஷத்துக்கு ஒரு மில்லியனுக்கும் கம்மியா வாங்கிக்கிட்டு 2023 சீசன்ல டீமை சூப்பர் பவுல் வரைக்கும் இழுத்துட்டுப் போனான், ஓவர்டைம்ல 25-22ன்னு தோத்தாங்க, அது வேற வயித்தெரிச்சல். அவன் சீப்பா இருந்ததுனாலதான் நிக் போஸாவுக்கு 170 மில்லியன் கான்ட்ராக்ட், டிரென்ட் வில்லியம்ஸ், மெக்காஃப்ரி, டீபோ சாமுவேல்னு எல்லாரையும் ஒரே வீட்டுல வச்சுக்க முடிஞ்சுது. 2025 மே மாசம் பர்டிக்கு 5 வருஷத்துக்கு 265 மில்லியன். அந்த வருஷமே டீபோவை வாஷிங்டனுக்கு அனுப்பிட்டாங்க, டிஃபென்ஸ்ல வார்டு, ஹுஃபாங்கான்னு ஆளுங்க கிளம்பிட்டாங்க. பர்டிக்கு அந்தக் காசு தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா அந்தப் பழைய டீம் திரும்ப வராது.

ஜார்ஜ் டவுன் வாசகர்: சீஃப்ஸ் ரசிகன் நான். 2022ல டைரீக் ஹில்லை மயாமிக்கு வித்தப்ப மூணு நாள் சோறு எறங்கல. ஏன்ணே நல்லா ஆடுறவனை விக்கிறாங்க?

வித்த அப்புறம் ரெண்டு கப்பு வரிசையா வந்துச்சே தம்பி, சோறு எறங்குச்சா இல்லையா?

குவாட்டர்பேக் மஹோம்ஸுக்கு 2020லேயே 10 வருஷத்துக்கு 450 மில்லியன் கான்ட்ராக்ட் போட்டாச்சு. ஹில்லும் அவன் லெவலுக்கு காசு கேட்டான், கேட்டதுல தப்பே இல்ல, வேகம்தான் அவன் சொத்து, அந்த சொத்து ரொம்ப வருஷம் நிக்காது. ஹில்லைக் குடுத்து அஞ்சு டிராஃப்ட் பிக் வாங்குனாங்க. முதல் ரவுண்டு பிக்கை வச்சுதான் இன்னும் மேல ஏறி டிரென்ட் மெக்டஃபியை எடுத்தாங்க. அதே டிராஃப்ட்ல ஏழாவது ரவுண்டுல எடுத்த பசங்கதான் ரன்னிங் பேக் பச்சேகோவும் கார்னர்பேக் ஜேலன் வாட்சனும், முதல் வருஷமே சூப்பர் பவுல் ஆடுனாங்க. ஒருத்தனோட சம்பளம், அதுல ஒரு கூட்டமே கிடைச்சிருச்சு.

இந்த வித்தையை பெரிசா பண்ணிக் காட்டுனது 1989ல டல்லாஸ் கவ்பாய்ஸ். அப்ப கேப்பே கிடையாது. டீம்ல உருப்படியா இருந்த ஒரே ஸ்டார் ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டாவுக்குத் தள்ளிட்டு பிக்கா அள்ளுனாரு கோச் ஜிம்மி ஜான்சன், அந்த சீசன் ஒரு ஜெயம் 15 தோல்வின்னு நாறிப் போச்சு, ஊரே சிரிச்சுது. அடுத்த வருஷம் அந்தப் பிக்குல ஒண்ணை வச்சு எம்மிட் ஸ்மித் வந்தான், தொண்ணூறுகள்ல மூணு கப்பு. ஒவ்வொரு பிக்குக்கும் பாயிண்ட் போட்டு ஒரு அட்டவணையும் பண்ணுனாங்க, முதல் பிக்குக்கு 3000, பத்தாவதுக்கு 1300ன்னு அப்படியே எறங்கும், இன்னிக்கும் டிரேட் பேசுறப்ப ஆளுங்க அதைத்தான் இழுக்கிறாங்க.

விக்காம சும்மா விட்டாலும் நஷ்டம் முழுசா இல்ல, இது நிறைய பேருக்குத் தெரியாது. கான்ட்ராக்ட் முடிஞ்ச நல்ல பிளேயர் வேற டீமுக்குப் பெரிய காசுக்குப் போனா, அவனை இழந்த டீமுக்கு லீக்கே அடுத்த வருஷம் எக்ஸ்ட்ரா பிக் குடுக்கும், மூணாவது ரவுண்டுலேருந்து ஏழாவது ரவுண்டு வரைக்கும், ஒரு டீமுக்கு அதிகபட்சம் நாலு. ஆனா நீங்களும் வெளியிலேருந்து அதே அளவு ஆளுங்களை வாங்கினா கழிச்சிருவாங்க. பால்ட்டிமோர்ல டீம் கட்டுற மேனேஜர் ஓஸி நியூசம் பல வருஷம் இதை வச்சே டீம் ஓட்டுனாரு. வயசாகுறதுக்கு முன்னாடி விடு, பிக்கை வாங்கு, சின்னப் பையனை எடுத்து வளர்த்து விடு, திரும்ப அதையே பண்ணு.

ஆயர் ஈத்தாம் தங்கச்சி: டெட் மணின்னா என்னண்ணே? கமெண்டரில சொல்லிட்டே இருக்காங்க, என் வீட்டுக்காரர் தெரிஞ்ச மாதிரி தலையாட்டுறாரு, கேட்டா சொல்ல மாட்டேங்குறாரு.

தவணையில ஃபிரிட்ஜ் வாங்குறோம், பாதித் தவணையில ஃபிரிட்ஜ் படுத்துருது, தூக்கிப் போட்டாச்சு, ஆனா கடைக்காரனுக்கு மாசாமாசம் கட்டித்தானே ஆகணும்? அதேதான். வீட்டுக்காரர்கிட்ட காட்டுங்க.

கணக்கு எப்படின்னா, 5 வருஷ கான்ட்ராக்ட்ல 50 மில்லியன் சைனிங் போனஸ், அதாவது கையெழுத்து போட்டதுக்குக் குடுக்குற காசுன்னு வைங்க. காசு பிளேயர் கைக்குப் போயிடும், ஆனா கேப் கணக்குல வருஷத்துக்கு 10 மில்லியன்னு பிரிச்சு எழுதலாம், அஞ்சு வருஷம் வரைக்கும் அப்படிப் பிரிக்க விடுவாங்க. இப்ப கையில இடம் இருக்குன்னு சந்தோஷமா இருக்கும். ரெண்டு வருஷத்துல அவனை வெட்டி விட்டா மிச்சம் 30 மில்லியன் உங்க தலையில வந்து விழும், ஆடாத ஆளுக்கு. கெட்டிக்கார டீம் இதைத் தெரிஞ்சேதான் பண்ணுது, கேப் வருஷா வருஷம் ஏறுது, நாளைய 10 மில்லியன் இன்னிய 10 மில்லியனைவிட சின்னதுன்னு ஒரு கணக்கு. பெரும்பாலும் சரியா வரும். 2021ல கொரோனாவுல கேப் 198.2லேருந்து 182.5 மில்லியனுக்கு எறங்குச்சு, கடன் தள்ளிப் போட்டு வச்சவங்க எல்லாம் முழிச்சாங்க.

இதுல ரெக்கார்டு வச்ச டென்வரைப் பாருங்க. நான் மேல சொன்ன அதே ரஸல் வில்சனை 2022ல ரெண்டு முதல் ரவுண்டு, ரெண்டு ரெண்டாவது ரவுண்டு பிக், அதோட மூணு பிளேயரையும் குடுத்து வாங்கி, ஒரு மேட்ச் கூட ஆட விடாம அவசர அவசரமா புது கான்ட்ராக்ட்டும் போட்டு, 2024 மார்ச்ல விட்டுட்டாங்க. டெட் மணி 85 மில்லியன், ரெண்டு வருஷத்துக்குப் பிரிச்சு. ஒரே ஆளு, சியாட்டிலுக்கு வரம், டென்வருக்கு சாபம். ஆனா பயந்துட்டே இருந்தா கப்பு வராது. ஃபிலடெல்ஃபியாவுல மேனேஜர் ஹோவி ரோஸ்மேன், குவாட்டர்பேக் கார்சன் வென்ட்ஸுக்கு 128 மில்லியன் எக்ஸ்டென்ஷன் போட்டு ஒரு வருஷம் கூட ஆகல, 2020 டிராஃப்ட்ல 53வது ஆளா இன்னொரு குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை எடுத்தாரு, பைத்தியமான்னு கேட்டாங்க. அடுத்த வருஷம் வென்ட்ஸை அனுப்பிட்டு முப்பது மில்லியனுக்கு மேல டெட் மணியை முழுங்குனாரு. 2025 பிப்ரவரியில ஹர்ட்ஸ்தான் சூப்பர் பவுல் எம்விபி, அதாவது அந்த மேட்ச்சோட சிறந்த ஆட்டக்காரன்.

கிள்ளான் அக்கா: என் மகன் 17 வயசு, ஆளு மலை மாதிரி இருக்கான், ஸ்கூல்ல ரக்பி ஆடுறான். இந்த லைன்மேனுங்க சும்மா முட்டிக்கிட்டு நிக்கிறாங்களே, அவங்களுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கா?

இருக்குக்கா, ரொம்ப இருக்கு. குவாட்டர்பேக்குக்கு முன்னாடி காவலுக்கு நிக்கிற அந்த அஞ்சு பேரு நிக்கலன்னா குவாட்டர்பேக்குக்குக் குடுத்த 50 மில்லியன் மல்லாக்கப் படுத்திருக்கும். ஜோர்டன் மைலாட்டான்னு ஒருத்தன், சிட்னி பையன், சமோவா குடும்பம், ரக்பி லீக் ஆடிக்கிட்டு இருந்தான். அமெரிக்கன் ஃபுட்பால் ஒரு மேட்ச் கூட ஆடுனதில்ல. வெளிநாட்டுப் பசங்களைப் பயிற்சி குடுத்துக் கொண்டு வர்ற திட்டத்துல போனான், 2018ல ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ஏழாவது ரவுண்டுல 233வது ஆளா எடுத்தாங்க. ரெண்டு வருஷம் ஒரு மேட்ச்சும் ஆடாம லைன் கோச் ஜெஃப் ஸ்டவுட்லண்ட்கிட்ட கத்துக்கிட்டான். 2021ல 64 மில்லியன் கான்ட்ராக்ட், அப்புறம் சூப்பர் பவுல் மோதிரம். ஆளைப் பாத்து வாங்கி, நம்ம கோச் வளர்ப்பாருன்னு பொறுமையா இருந்த டீமுக்குக் கிடைச்ச கூலி அது.

இப்ப எல்லா டீமுக்கும் 16 பேரு பிராக்டிஸ் ஸ்குவாடு, அதாவது ரிசர்வ் ஆளுங்க, அதுக்கு மேல வெளிநாட்டுப் பையனுக்குன்னு ஒரு இடம் தனியா இருக்கு. ஆனா அக்கா, எஸ்பிஎம் முடிக்கட்டும் முதல்ல.

பூச்சோங் வாசகர்: ராம்ஸ் டிராஃப்ட் பிக்கையெல்லாம் வாரிக் குடுத்துதான் கப்பு ஜெயிச்சாங்க. உங்க தியரி அங்க உடையுதே?

உடையல, வளையுது. 2017லேருந்து 2023 வரைக்கும் அவங்க முதல் ரவுண்டுல யாரையுமே எடுக்கல, 2021ல ரெண்டு முதல் ரவுண்டு பிக்கோட அவங்க குவாட்டர்பேக் ஜேரட் காஃபையும் குடுத்து இன்னொரு குவாட்டர்பேக் ஸ்டாஃபர்டை வாங்குனாங்க, அந்த சீசனே கப்பு. ஆனா மூணாவது நாலாவது ரவுண்டுல அவங்க எடுத்த பசங்க ஆடுனதுனாலதான் அது நின்னுச்சு, கூப்பர் கப்னு ஒரு பிளேயர், மூணாவது ரவுண்டு, அவன்தான் அந்த சூப்பர் பவுல் எம்விபி. இதே வேலையை கிளீவ்லண்ட், குவாட்டர்பேக் டெஷான் வாட்சனுக்காகப் பண்ணுச்சு, மூணு முதல் ரவுண்டு, 230 மில்லியன் முழு கேரண்டி. அங்க என்ன கிடைச்சுதுன்னு பிரவுன்ஸ் ரசிகன் யாராச்சும் தெரிஞ்சா கேளுங்க, தள்ளி நின்னு கேளுங்க.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்: நீங்க எந்த டீம் அண்ணே?

டெட்ராய்ட் லயன்ஸ். ராம்ஸ் காஃபை எங்ககிட்டதான் தள்ளி விட்டாங்க, நாங்க சந்தோஷமா வச்சிருக்கோம்.

பாங்சார் தம்பி: ஆபீஸ் பசங்க பொண்ணுங்க சேந்து பாடாங்ல ஃபிளாக் ஃபுட்பால் ஆரம்பிக்கிறோம். எத்தனை பேரு, யாரை எடுக்கலாம்?

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ்ல வர்ற ஆட்டமே இதுதான், அஞ்சுக்கு அஞ்சு, டீமுக்கு பத்து பேரு, நீங்களும் பத்தே வைங்க. மோதல் கிடையாது, இடுப்புல தொங்குற கொடியை உருவினா போதும், அதனால மலை மாதிரி ஆளைத் தேட வேணாம். நெட்பால் ஆடுன பொண்ணுங்களை முதல்ல கூப்பிடுங்க, அவங்க கைக்கு வந்த பந்து கீழ போகாது. செபாக் தக்ராவ் பசங்க டிஃபென்ஸுக்கு. எதிராளி குவாட்டர்பேக் மேல ஓடுறவன் ஏழு யார்டு தள்ளிதான் நிக்கணும், அதுக்கு உங்ககிட்ட இருக்கிறதுலேயே முதல் அடியில கிளம்புறவனைப் போடுங்க, கடைசி வரைக்கும் வேகமா ஓடுறவன் வேற இடத்துக்கு. பந்து எறியத் தெரிஞ்சவங்க ரெண்டு பேரு கட்டாயம், ஒருத்தனுக்கு ஆபீஸ்ல ஓவர்டைம் வந்துட்டா அன்னிக்கு ஆட்டமே போச்சு. மேனேஜரை டீம்ல சேக்கணும்னா சேத்துக்குங்க, ஆனா குவாட்டர்பேக் குடுத்துறாதீங்க, அப்புறம் வாங்க முடியாது.