லேப்டாப் திரை எத்தனை வருஷம் தாங்கும்?

வாங்கி மூணு வருஷம்தான் ஆகிறது, அதற்குள் திரை மினுங்குகிறது, இதன் ஆயுளே இவ்வளவுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. எல்இடி பின்விளக்கு உள்ள எல்சிடி திரைக்குப் பொதுவாகச் சொல்கிற கணக்கு 30,000 முதல் 50,000 மணி நேரம். அதுவும் திரை செத்துப்போகிற நேரம் இல்லை, வெளிச்சம் பாதியாகக் குறைகிற நேரம். தினம் 8 மணி நேரம் ஓட்டினால் 30,000 மணிக்கே பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிடும். விளக்கு தேய்ந்துபோன திரையை நான் பார்த்ததில்லை, பார்த்ததெல்லாம் நசுங்கியது, நனைந்தது, மூடியை இழுத்து இழுத்தே போனது.

எனக்குச் சென்னையில் கடலோரக் காசிமேடு. முதல் லேப்டாப்பில் கண்ணாடி துடைக்கிற ஸ்பிரேயை நேராகத் திரையிலேயே அடித்துத் துடைத்தேன். சொட்டு வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கியிருக்கிறது. மறுநாள் காலை திரையில் செங்குத்தாக நாலைந்து கோடுகள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்காரர் சட்டத்தைக் கழற்றிக் காட்டினார், பேனலின் (படம் தெரிகிற தகடு) அடியில் சுண்டுவிரல் அகலத்தில் ஒரு சர்க்யூட் பலகை, அதன் முனையில் பச்சை பூத்திருந்தது. புதுப் பேனல்தான் போட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து அணைத்துவிட்டு மைக்ரோஃபைபர் துணியால் மட்டும்தான் துடைக்கிறேன், அழுக்கு விடாப்பிடியாக இருந்தால் துணியை லேசாக ஈரமாக்கிக்கொள்வேன். தண்ணீர் துணியில் படலாம், திரையில் படக் கூடாது. எங்களைப் போல உப்புக்காற்று அடிக்கிற இடத்தில் இருந்தால் கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள், மழைக்காலத்தில் வாரக்கணக்கில் மூடியே போட்டும் வைக்காதீர்கள்.

அப்புறம் மூடி. ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கீல் மட்டும் முறுக்கிக்கொள்ளும், அதன் வழியாகத் திரைக்குப் போகிற மெல்லிய கேபிளும் நாளாக நாளாக நைந்துபோகும். மேல் விளிம்பின் நடுவில் பிடித்துத் திறங்கள். மூடும் முன் விசைப்பலகையில் பேனா, இயர்போன் ஏதாவது கிடக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். காலையில் கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் போகிறவர்களுக்குத் தெரியும், நெரிசலில் பை எப்படி நசுங்கும் என்று. டிபன் பாக்ஸ் லேப்டாப்பின் மூடிப் பக்கம் அழுத்தினால் திரையில் வெள்ளைப் புள்ளி வரும், அது போகாது. பையில் இரண்டையும் தனித்தனி அறையில் வையுங்கள்.

வெளிச்சத்தை எப்போதும் முழுசாக வைக்காமல் கண்ணுக்குப் போதுமான அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். ஓஎல்இடி திரை (பின்விளக்கு இல்லாமல் புள்ளிகளே ஒளிர்கிற வகை) என்றால் இது இன்னும் முக்கியம், ஒரே படம் தினம் தினம் மணிக்கணக்கில் நின்றால் அதன் தடம் அப்படியே பதிந்துவிடக்கூடும், அதனால் திரையின் அடியில் எப்போதும் நிற்கிற டாஸ்க்பாரை மறைத்து வைப்பது நல்லது.

சரி, உங்கள் மினுங்கலுக்கு வருகிறேன். கடையில் பேனல் மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். முதலில் எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்துப் பாருங்கள். அதில் படம் நன்றாக வந்தால் கோளாறு பெரும்பாலும் லேப்டாப் திரையிலோ, கீல் வழியாக அதற்குப் போகிற கேபிளிலோதான். பிறகு மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். ஒரு கோணத்தில் மட்டும் மினுங்கினால் அந்தக் கீல் கேபிள் மேல்தான் என் சந்தேகம், அதை மாற்றப் பேனல் அளவுக்குச் செலவு ஆகாது. எந்தக் கோணத்தில் மினுங்குகிறது, டிவியில் எப்படித் தெரிந்தது என்று கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.