மலையில் ஒரு கரண்டி வானம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான் குடியாத்தம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் பிரிவில் வேலை. கம்ப்யூட்டரில் தோல் துண்டுகளுக்குக் கோடு போட்டுப் போட்டு அலுத்துப்போய், ஒரு ஆறு மாதமாக டெராஜென் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பில் இயற்கைக் காட்சிகள் செய்து பார்க்கிறேன். தினமும் ரயிலில் போகும்போதும் வரும்போதும் டுடோரியல் வீடியோக்கள் பார்க்கிறேன். ஒரு படம் இணைத்திருக்கிறேன். முதலில் மலையெல்லாம் மங்கலாக வந்தது. அதில் ஹேஸ் என்று காற்றின் மங்கலுக்கு ஒரு அளவு உண்டு. ஹேஸை பூஜ்யமாக்கியதும் பளிச்சென்று ஆகிவிட்டது. ஆனாலும் ஏதோ கொலு பொம்மை மலை மாதிரி இருக்கிறது. கடைசியில் போட்டோஷாப்பில் கொஞ்சம் புகை சேர்த்தேன். நண்பர்கள் கிராபிக்ஸ் கார்டு வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? பிளெண்டருக்கு மாறிவிடலாமா? எனக்குக் கையால் வரையவே வராது, அது குறையா? இப்போது ஏஐயே எல்லாம் செய்துவிடும்போது இதைக் கற்றுக்கொள்வதில் பொருள் உண்டா?

எஸ்., குடியாத்தம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசைமேல் ஒரு பழைய கல்யாண ஆல்பம் கிடந்தது. அது மட்டும் இல்லாவிட்டால் ‘படம் நன்று, வாழ்த்துகள்’ என்று ஒரு வரி எழுதி முடித்திருப்பேன். ஆல்பத்தைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் கார்டு. வாங்காதீர்கள். டெராஜெனில் கடைசி ரெண்டர், அதாவது முழுப் படத்தைக் கணக்கிட்டு எடுப்பது, கம்ப்யூட்டரின் முக்கியச் செயலியான சிபியூவில்தான் நடக்கிறது, ஐம்பதாயிரம் கொடுத்து கார்டு வாங்கிப் போட்டாலும் உங்கள் மலை ஒரு நிமிடம்கூட முன்னால் வந்து சேராது. இதை உங்கள் நண்பர்களிடமும் சொல்லுங்கள், கேம் ஆடுகிறவர்களாக இருப்பார்கள். பிளெண்டர் நல்ல மென்பொருள், இலவசம், உலகத்தையே செய்யலாம், ஆனால் இருக்கிற ஒன்றில் ஒரு மலையைத் தள்ளி நிறுத்தத் தெரியாதவர் அங்கே போயும் அதே மலையைத்தான் நிறுத்துவார். இதே வேலைக்கு வியூ என்று ஒரு மென்பொருள், ஒரு காலத்தில் விலையைக் கேட்டாலே தலை சுற்றும், 2024-இல் மேற்கொண்டு வளர்ப்பதை நிறுத்திவிட்டு இலவசமாகவே விட்டுவிட்டார்கள். அதற்கும் ஓடாதீர்கள். 1994-இல் மேக் கம்ப்யூட்டரில் பிரைஸ் என்ற மலை செய்யும் மென்பொருள் வந்தபோதும் இதே கதைதான். ஒரு பொத்தானை அமுக்கினால் மலை வரும், அதனால் ஊரெல்லாம் ஒரே மலையைச் செய்துகொண்டிருந்தது.

கையால் வரைய வராது என்பது குறையே இல்லை. ஏஐ பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. வாரத்துக்கு நாலு பேர் கேட்கிறார்கள், எனக்கு அலுத்துவிட்டது.

இப்போது படம். பனிமலை, ஏரி, ஏரியில் மலையின் பிம்பம், மேலே ஏழெட்டுப் பறவைகள். பறவைகளை எடுத்துவிடுங்கள். பனிமலை இருக்கட்டும். ‘ஏனய்யா, நம்ம ஊர் மலையைச் செய்யக்கூடாதா’ என்று நான் கேட்பேன் என்று நினைத்திருப்பீர்கள். கேட்க மாட்டேன். உண்மையில் நம்மூர் மலையைச் செய்வது கடினம். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுற்றி ரேடாரில் அளந்து கொடுத்த உயரத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது, டெராஜெனில் ஏற்றலாம். ஆனால் அதில் சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். வேலூர் மலைகளுக்கு முகமே அந்த உருண்டைப் பாறைகள், ஒன்றின்மேல் ஒன்று எப்போது விழுமோ என்று நிற்கிறதே, அவை அந்த 30 மீட்டர் சல்லடையில் காணாமல் போய்விடும். மிஞ்சுவது ஒரு மண்மேடு. அப்புறம் அதன்மேல் பாறைகளை நீங்களேதான் தூவ வேண்டும். அது உங்களுக்கு அடுத்த வருஷ வேலை.

உங்கள் படத்தில் நோய் வேறு. அதை நீங்களே எழுதிவிட்டு நீங்களே கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள். ‘ஹேஸை பூஜ்யமாக்கியதும் பளிச்சென்று ஆகிவிட்டது.’ ஆகாமல் என்ன செய்யும்? காற்றைப் பிடுங்கிவிட்டீர்கள். நிலவில்தான் காற்று இல்லை, அங்கே போன விண்வெளி வீரர்களே எது கிட்டே எது தூரம் என்று கணிக்கத் திணறினார்கள். இருபது கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டிய சிகரமும் ஏரிக்கரைப் புல்லும் ஒரே கறுப்பில், ஒரே கூர்மையில் இருந்தால் கண் என்ன முடிவு செய்யும்? இரண்டும் ஒரே மேசைமேல் இருக்கின்றன என்றுதான். அதுதான் உங்கள் கொலு பொம்மை.

இப்போது ஆல்பம். என் சின்ன மாமா வேலூரில் போட்டோ ஸ்டுடியோக்களுக்குத் திரைச்சீலை வரைந்தவர். நாடகக் கம்பெனிகளுக்கும் சீன் படுதா வரைந்திருக்கிறார், ஆனால் நான் பார்க்க ஆரம்பித்தபோது நாடகம் படுத்துவிட்டது, கலர் போட்டோ வந்த புதிது, ஸ்டுடியோ வேலைதான் சோறு போட்டது. காடாத் துணியைச் சட்டத்தில் அடித்து, வஜ்ஜிரப் பசை காய்ச்சி, பொடி நிறங்களை அதில் குழைத்து வரைவார். வீடே நாறும். அத்தை திட்டிக்கொண்டே இருப்பார். மாமா வரைந்ததெல்லாம் காஷ்மீர், பனிமலை, ஏரி, படகு, கேட்டால் சுவிட்சர்லாந்து. மாமா ஓசூரைத் தாண்டியவர் இல்லை.

அந்த ஆல்பத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள், பின்னால் மாமாவின் பனிமலை. எஸ்., அந்த மலை தூரத்தில் இருக்கிறது. எட்டடித் துணி, ஸ்டுடியோ லைட், முன்னால் நாற்காலியின் நிழல்கூடத் துணிமேல் விழுந்திருக்கிறது, ஆனாலும் அந்த மலைக்குப் போக ஒரு பகல் நடக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஒரு வாரமாக அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் செய்தது இதுதான். முதலில் வானம் முழுக்க அடிப்பார். அடிவானத்துக்குப் பூசிய அந்த வெளிறிய நிறத்தில் மிச்சத்தை ஒரு தகர டப்பாவில் தனியாக வைத்துக்கொள்வார். அப்புறம் மலைகளுக்கு ஒரே நிறம்தான் குழைப்பார். முன் மலைக்கு அதை அப்படியே. அதற்குப் பின்னால் உள்ளதற்கு அதிலேயே ஒரு கரண்டி வானம். அதற்கும் பின்னால் இன்னும் இரண்டு கரண்டி. கடைசி மலை கிட்டத்தட்ட வானமாகவே ஆகியிருக்கும், ஓரம் மட்டும் தெரியும். நான் ஒருமுறை ஆர்வக்கோளாறில் பின் மலைக்கு நல்ல கருநீலம் தீட்டிவிட்டேன். “இன்னாடா, தூரத்துல கீற மலைய இவ்ளோ கறுப்பா வச்சிகீற, கிட்ட வந்து உதைக்கப் போவுதா?” என்று கேட்டுத் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

மாமா படித்தது எட்டாவது. ஆனால் இயற்பியல் சொல்வதும் அதேதான். தூரத்து மலை நீலம் என்று பள்ளிக்கூட டிராயிங்கில் சொல்லிக்கொடுத்தது பாதி உண்மை. நமக்கும் மலைக்கும் நடுவில் உள்ள காற்று, மலையிலிருந்து வரும் ஒளியில் ஒரு பங்கைச் சிதறடித்துவிட்டு, அந்த இடத்தில் வெயிலைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகிறது. தூரம் கூடக்கூட மலையின் நிறம் குறைந்து அடிவானத்தின் நிறம் ஏறுகிறது. அடிவானம் நீலமாக இருந்தால் மலையும் நீலம். சித்திரை வெயிலில் தூசியால் அடிவானம் வெளுத்துப்போய்க் கிடந்தால் மலையும் வெளுப்பு. மாலையில் செம்மை ஏறினால் மலையிலும் ஏறும். டெராஜெனில் இதற்கு புளூஸ்கை, ஹேஸ் என்று இரண்டு தனி அளவுகள் வைத்திருக்கிறார்களே, சும்மா அல்ல. ஒன்று காற்றின் மூலக்கூறுகள், உயரம் வரை பரவியிருக்கும், நீலத்தை அதிகம் சிதறடிக்கும். இன்னொன்று தூசியும் ஈரமும், தரையோடு தங்கும், வெளுப்பாகக் காட்டும். அந்த இரண்டாவதைத்தான் நீங்கள் பூஜ்யமாக்கினீர்கள்.

பிறகு போட்டோஷாப்பில் புகை. அதில்தான் எனக்குக் கோபம் வந்தது. படம் முழுக்க ஒரே வெள்ளையை ஒரே அளவில் போர்த்தியிருக்கிறீர்கள். ஏரிக்கரைப் புல்லுக்கும் அதே புகை, சிகரத்துக்கும் அதே புகை. மங்குவது அப்படி நடக்காது. ஒரு பழைய கணக்கு இருக்கிறது: கண்ணுக்கு 10 கிலோமீட்டர் வரைதான் தெரிகிற நாள் என்றால், அந்த 10-ஆவது கிலோமீட்டரில் ஒரு கறுத்த மலைக்கும் வானத்துக்கும் உள்ள வேறுபாட்டில் 2 சதவீதம் மிஞ்சும். சரி, பாதித் தூரத்தில் பாதி மிஞ்சும் என்றுதானே நினைப்பீர்கள்? 5 கிலோமீட்டரில் மிஞ்சுவது 14 சதவீதம்தான். இரண்டரை கிலோமீட்டரிலேயே 38-க்கு வந்துவிடும். அதாவது இழப்பின் பெரும்பகுதி நம் பக்கத்திலேயே நடந்து முடிகிறது, கடைசி மலைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழைதான் வித்தியாசம். மாமாவின் கரண்டிக் கணக்கு இதற்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். அவருடைய மலை சுவிட்சர்லாந்து, காற்று பாலாற்றுப் பாலத்திலிருந்து தினமும் பார்த்த காற்று. அதனால்தான் அந்தத் துணியை நம்ப முடிகிறது.

ஹேஸைத் திரும்பப் போடுங்கள். முதலில் மங்கலாக வந்தது என்றீர்களே, மங்கல் தப்பில்லை, உங்கள் சூரியன் உச்சியில் நின்றிருக்கும். வேலூருக்கு ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் நண்பகல் சூரியன் நேரே தலைக்கு மேல் வரும், நிழல் காலடியில் ஒளிந்துகொள்ளும், அந்த வெளிச்சத்தில் எந்த மலையும் தட்டையாகத்தான் தெரியும். சூரியனைச் சாய்த்து வையுங்கள், மேடு பள்ளம் எழுந்து வரும், அதற்கப்புறம் மங்கல் உங்களுக்கு வேலை செய்யும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நீங்கள் சூரியன், ஹேஸ், கேமரா, பனி எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் மாற்றுகிற ஆள் என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஷூ கம்பெனியில் ஒரு பேட்டர்னை அப்படி மாற்றினால் மேனேஜர் விடுவாரா?

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. தினமும் ரயிலில் வீடியோ பார்க்கிறேன் என்கிறீர்கள். குடியாத்தத்திலிருந்து வளத்தூர், மேல்பட்டி, பச்சகுப்பம் என்று ஆம்பூர் வரை இரண்டு பக்கமும் மலை. வெளிநாட்டுக்காரன் ஒருவன் அவன் ஊர் மலையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்தபடி அத்தனை மலைகளையும் தாண்டிப் போகிறீர்கள். போனை உள்ளே வையுங்கள் தம்பி. முதல் வரிசையில் பாறை தெரிகிறதா, அடுத்ததில் மரம் மட்டும் தெரிகிறதா, அதற்கடுத்தது வெறும் ஓரக்கோடா, இதை மட்டும் பாருங்கள். ஒரு சிக்கல் உண்டு. காலையில் தென்மேற்கே போகிறீர்கள், மாலையில் வடகிழக்கே திரும்புகிறீர்கள், வருஷத்தில் பெரும்பாலான நாள் இரண்டு வேளையும் சூரியன் உங்களுக்குப் பின்பக்கமாகவே இருக்கும். அதனால் நீங்கள் பார்ப்பதெல்லாம் வெயில் விழுந்து தெளிவாக நிற்கிற மலைகள். தூசி, ஒளியை அது போகிற திசையிலேயே அதிகம் தள்ளும், ஆகவே சூரியன் இருக்கும் பக்கம் திரும்பினால் அதே காற்று பால் மாதிரி வெளுத்திருக்கும். ரயில் போகும் திசைக்கு முதுகைக் காட்டும் சீட்டில் உட்காருங்கள். அந்த சீட்டு எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

மார்கழியில் போகிறபோது இன்னொன்றும் கண்ணில் படும். காலைப் பனி தாழ்வாகத் தேங்கி மலையின் அடி மறைந்துவிடும், முகடு மட்டும் தெளிவாக நிற்கும். டெராஜெனில் ஹேஸுக்கு உயர அளவு என்று ஒன்று உண்டு, அதைக் குறைத்துப் பார்த்தால் இது வரும். வீடியோவில் யாராவது சொன்னார்களா?

இலவசப் பதிப்பில் படத்தின் அளவுக்கு வரம்பு உண்டு, விற்கவும் கூடாது, அதைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். அடுத்த படத்தில் மூன்று மலை வரிசை போதும். ஏரி வேண்டாம், பனி வேண்டாம், எல்லாம் ஒரே சாம்பல் நிறம். காற்றை மட்டும் வைத்து அந்த மூன்றையும் பிரித்துக் காட்டுங்கள். அனுப்பும்போது ஜேபெக்கில் சின்னதாக அனுப்புங்கள். போன தடவை நீங்கள் அனுப்பிய டிஃப் ஃபைல் என் மெயில் பெட்டியை அடைத்து, இரண்டு நாள் வேறு யாருடைய கடிதமும் உள்ளே வரவில்லை.